மிட்-சைஸ் ஸ்போர்ட் பைக்லருந்து பெரிய வண்டிக்கு மாறுறவங்க அடிக்கடி கேட்குற கேள்விகள்

300, 400 சிசி ஸ்போர்ட் பைக் வச்சிருக்கிறவங்க கேட்குறது பெரும்பாலும் ஒரே மாதிரி கேள்விகள்தான்: அடுத்து என்ன எடுக்கலாம், எப்ப எடுக்கலாம், நேரா லிட்டர் பைக்குக்கே (ஆயிரம் சிசி வண்டி) போயிடலாமா. நான் 400 சிசி ட்வின் (ரெண்டு) சிலிண்டர் வண்டி நாலு வருஷம் ஓட்டினேன், அப்புறம் 700 பக்கத்துல ஒரு ட்வின் மூணு வருஷம், இப்ப வச்சிருக்கிறது ஆயிரம் சிசி நாலு சிலிண்டர். அந்த அனுபவத்துலருந்தும் படிச்சு தெரிஞ்சுகிட்டதுலருந்தும் எழுதுறேன்.

ரெண்டு வருஷமா 400 ஓட்டுறேன், இப்ப பவர் பத்தலைனு தோணுது. மாறுற நேரம் வந்துடுச்சா?

பவர் எங்க பத்தலைனு முதல்ல பாருங்க. நெடுஞ்சாலையில 110, 120ல போகும்போது ஓவர்டேக் பண்ண ரெண்டு கியர் இறக்க வேண்டியிருக்கு, இஞ்சின் முழு நேரமும் கத்திக்கிட்டே இருக்கு, பின்னாடி ஆள் உட்கார்ந்தா ஏத்தத்துல திணறுது, இதெல்லாம்னா வண்டி உண்மையிலேயே பத்தலை, மாறலாம். ஆனா வளைவுல நண்பர்களோட வண்டி முன்னாடி போயிடுது அதனால பவர் வேணும்னு தோணுச்சுன்னா அங்க குறையுறது பவர் இல்ல. வளைவுக்குள்ள 400 வண்டியோட 45 எச்பியவே யாரும் முழுசா திறக்குறதில்ல. உங்க நண்பர் உங்களுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுட்டு, கண்ண வளைவோட கடைசிக்கு கொண்டு போயிட்டாரு, அவ்வளவுதான். அதை ஆயிரம் சிசி சரி பண்ணாது, இன்னும் மோசமாக்கும்.

நான் சொல்ற சோதனை ரொம்ப சிம்பிள். ஆளில்லாத இடத்துல 60ல போய்ட்டு முன் பிரேக்க மட்டும் பிடிச்சு, ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்) மெதுவா அமுங்கி முன் டயர் ரோட்டுல நல்லா உட்கார்ந்ததுக்கு அப்புறம் இன்னும் இறுக்கி, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாம பாத்துக்குற அமைப்பு) துடிக்கிற விளிம்பு வரைக்கும் கொண்டு போய் வண்டிய நேரா நிறுத்த முடியுதா? பத்து தடவை செஞ்சா பத்து தடவையும் வருதா? அது பழகியிருந்தா நீங்க தயார்னு சொல்லுவேன். எத்தனை வருஷம் ஓட்டினீங்க, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர்ங்கிறதெல்லாம் அதுக்கு அடுத்துதான்.

600 எடுக்கவா, 700 ட்வினா, நேரா 1000 எடுத்துடவா?

இந்த கேள்விக்குத்தான் எல்லாரும் சிசிய மட்டும் வச்சு பதில் சொல்லிட்டு போயிடுறாங்க. அப்படி பார்த்தா ஏமாந்துடுவோம், நம்பர எடுத்து வச்சு பாருங்க.

கவாஸாகி நின்ஜா 400 சுமார் 45 எச்பி, 38 நியூட்டன் மீட்டர் டார்க் (இஞ்சினோட சுழற்றும் விசை), எடை 168 கிலோ. யமஹா ஆர்7, 689 சிசி ட்வின், 73 எச்பி, 67 நியூட்டன் மீட்டர், 188 கிலோ. யமஹா ஆர்6, 599 சிசி நாலு சிலிண்டர், 118 எச்பி, 61.7 நியூட்டன் மீட்டர், 190 கிலோ. 2021 கவாஸாகி இசட்எக்ஸ்-10ஆர், 998 சிசி, 203 எச்பி, கிட்டத்தட்ட 115 நியூட்டன் மீட்டர், 207 கிலோ.

ஆர்7க்கும் ஆர்6க்கும் இருக்குற வித்தியாசத்த கவனிங்க. எச்பில ஆர்6 ரொம்ப மேல, ஆனா டார்க்ல ஆர்7 தான் ஒரு படி கூட. ஏன்னா எச்பிங்கிறது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் (நிமிஷத்துக்கு இஞ்சின் எத்தனை சுத்து சுத்துது) பெருக்கி வர்றது, ஆர்6 14,500 ஆர்பிஎம்ல போய்தான் அந்த 118ஐ கொடுக்கும், அதோட அதிகபட்ச டார்க்கே 10,500ல தான் வரும். ஆர்7க்கு 6,500லயே வந்துடும். அதனால சிக்னல்லருந்து கிளம்புறது, ரெண்டாவது கியர்ல ஒரு வளைவுலருந்து வெளிய வர்றது, இந்த மாதிரி தினமும் ஓட்டுற ஓட்டத்துல 700 ட்வின் தான் கைக்கு வலுவா தெரியும், 600 நாலு சிலிண்டர் கீழ கொஞ்சம் சோம்பலா இருந்துட்டு 9,000 தாண்டினதும் ஒரேயடியா எழும்பும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. ஹெல்மெட் ஜாக்கெட்டோட ஓட்டுறவர் எடை 80 கிலோனு சேர்த்தா, ஒரு கிலோவுக்கு நின்ஜா 400ல 0.18 எச்பி, ஆர்7ல 0.27, ஆர்6ல 0.44, இசட்எக்ஸ்-10ஆர்ல 0.71. அதாவது 400லருந்து 700 ட்வினுக்கு போறது ஒன்றரை மடங்கு, 1000க்கு போறது நாலு மடங்கு. ஒன்றரை மடங்க மனுஷன் ஒரு மாசத்துல பழகிக்கலாம், நாலு மடங்குக்கு அந்த மாதிரி சீக்கிரம் பழக முடியாது.

அதனால என் கருத்து, 400லருந்து வர்றவங்களுக்கு நடுவுல ஒரு ட்வின் நல்லது: யமஹா ஆர்7, 100 எச்பி ஏப்ரிலியா ஆர்எஸ்660, சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர் மாதிரி. நாலு சிலிண்டர் சத்தமும் மென்மையும் தான் வேணும்னா ஹோண்டா சிபிஆர்650ஆர், 95 எச்பி பக்கம், முரட்டுத்தனம் இல்லாத வண்டி. ஆர்6 மாதிரி 600 சூப்பர்ஸ்போர்ட்ட ‘நடுப்படி’னு நினைச்சு எடுக்காதீங்க, அது ரேஸ் டிராக்குக்குனே செஞ்ச வண்டி, சிசி சின்னதா இருக்குங்கிறதால சாதுவாயிடாது.

நான் பொறுமையான ஆள், ஆக்சிலேட்டர் என் கையில தானே இருக்கு. அப்புறம் 1000 எடுத்தா என்ன?

இத சொல்றவங்க யாரும் பொய் சொல்லல, நானும் அப்படித்தான் நம்பினேன். பொறுமையான ஆளுக்கும் கை குலுங்கும், பள்ளத்துல விழுந்தா மணிக்கட்டு தன்னால முறுக்கும், குறுக்க நாய் வந்தா பதறும். 400ல அந்த சின்ன தப்புக்கு வண்டி லேசா முன்னாடி எகிறும். 1000ல அதே அளவு மணிக்கட்டு அசைஞ்சா முன் சக்கரம் லேசாகும், இல்லன்னா பின் டயர் வழுக்கும். வேகமா போகணும்னு நீங்க முடிவு பண்றப்ப 1000 ஆபத்து இல்லைனே வச்சுக்கலாம், முடிவே பண்ணாம கை அசையுதே அந்த நேரம்தான் ஆபத்து.

ஆயிரம் சிசி எடுத்த முதல் வாரம் எனக்கு நடந்தத சொல்றேன். காலை ஆறு மணி, குளிர், வீட்டுலருந்து கிளம்பி ரெண்டு கிலோமீட்டர் கூட ஆகல. ஒரு ரவுண்டானாவுலருந்து வெளிய வர்றேன், வண்டி இன்னும் முழுசா நிமிரல, ரெண்டாவது கியர், பழைய வண்டியில பழகின அதே அளவுக்கு முறுக்கினேன். பின்பக்கம் அரை அடி வெளிய போச்சு. மீட்டர்ல டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் டயர் வழுக்கினா பவர தானா குறைக்குற எலக்ட்ரானிக்ஸ்) லைட் மஞ்சளா துடிச்சுது, இஞ்சின் சத்தம் ஒரு நொடி அமுங்குச்சு, வண்டி திரும்ப நேராச்சு, இடது கால் ஃபுட்பெக்லருந்து நழுவி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஓரமா நிறுத்தி குனிஞ்சு பார்த்தேன். பின் டயரோட நடுப்பகுதி மட்டும் மங்கலா இருந்துச்சு, ரெண்டு ஓரமும் புதுசுல இருக்குற பளபளப்பு அப்படியே, பூனை மீசை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற அந்த சின்ன ரப்பர் முடி கூட உதிரல. தொட்டா ஜில்லுனு இருந்துச்சு. தேய்ஞ்சு பழகாத ஓரத்துல, சூடாகாத ரப்பர்ல, நான் பழைய வண்டியோட கைய வச்சு முறுக்கியிருக்கேன்.

அந்த எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய லிட்டர் பைக்கா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னா, பின்பக்கம் வழுக்கினதும் பயந்து ஆக்சிலேட்டர டக்குனு மூடியிருப்பேன், டயர் திடீர்னு பிடிச்சிருக்கும், சாய்ஞ்சிருந்த வண்டி ஒரே உதறா நிமிர்ந்து என்ன மேல தூக்கி எறிஞ்சிருக்கும். ஹைசைடுனு சொல்றது இதுதான். வழுக்கி கீழ விழுந்து இழுத்துட்டு போறத விட எலும்புக்கு ரொம்ப மோசமானது.

அப்ப டிராக்‌ஷன் கண்ட்ரோல், கார்னரிங் ஏபிஎஸ் எல்லாம் இருந்தா போதும் தானே?

இருக்குற வண்டியா பார்த்து எடுங்க, அதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம். 1998ல வந்த முதல் யமஹா ஆர்1ல 150 எச்பி இருந்துச்சு, ஓட்டுறவர காப்பாத்த ஒரு எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. 2009ல வந்த பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர்ல 193 எச்பியோட டிராக்‌ஷன் கண்ட்ரோலும் ரேஸ் ஏபிஎஸ்ஸும் கிடைச்சுது. 2013ல கேடிஎம் 1190 அட்வெஞ்சர்ல சாய்ஞ்ச நிலையிலயும் வேலை செய்யுற ஏபிஎஸ் வந்துச்சு, 2015 ஆர்1ல ஆறு அச்சு சென்சார். வண்டி எவ்வளவு சாய்ஞ்சிருக்கு, மூக்கு தூக்குதா, பின்பக்கம் விலகுதானு நொடிக்கு பல தடவை கணக்கு பண்ணி பவர குறைக்குது.

ஆனா அது ரப்பர் பிடிப்ப உண்டாக்காது. மணல், டீசல், நனைஞ்ச வெள்ளைக் கோடு, இது மேல டயருக்கு பிடிப்பே இல்லைன்னா கணக்கு பண்ணி என்ன பிரயோஜனம். வளைவுக்குள்ள அளவுக்கு மீறின வேகத்துல நுழைஞ்சாலும் அதால ஒண்ணும் பண்ண முடியாது.

ரைடிங் மோட பத்தி ஒண்ணு. மழை மோட்ல போட்டு ஓட்டுறது கேவலம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. முதல் ஆயிரம் கிலோமீட்டர் நான் அதுலதான் ஓட்டினேன். ஆக்சிலேட்டர் திறப்பு மென்மையாகும், நிறைய வண்டியில உச்ச பவரையும் குறைக்கும்.

வேகம் கூடினா பிரேக்கும் நல்லதா தானே வருது, நிறுத்திடலாமே?

பிரேக் நல்லதுதான், ஆனா நிறுத்துறது டயரும் தூரமும். நல்ல காய்ஞ்ச ரோட்டுல, கை தேர்ந்தவர் பிடிச்சா 100 கிலோமீட்டர் வேகத்துலருந்து நிக்க சுமார் 40 மீட்டர் ஆகும். 150ன்னா 90 மீட்டர் பக்கம், 200ன்னா கிட்டத்தட்ட 160. வேகம் ரெண்டு மடங்கானா தூரம் நாலு மடங்காகுது. கண்ணு பார்த்து கை பிரேக்குக்கு போக ஒரு நொடி ஆகும்னு வச்சா, அந்த ஒரு நொடியில 100ல 28 மீட்டர், 200ல 56 மீட்டர் சும்மா போயிடும். அதையும் கூட்டினா 68 மீட்டர் எங்க, 216 மீட்டர் எங்க.

லிட்டர் பைக்ல முதல் கியரே 140 தாண்டும். 400ல அந்த வேகத்துக்கு பல கியர் ஏறணும், அது வரைக்கும் இஞ்சின் சத்தமும் கியர் மாத்துறதும் நீங்க எவ்வளவு வேகத்துல இருக்கீங்கனு சொல்லிக்கிட்டே இருக்கும். 1000 அப்படி ஒண்ணும் சொல்லாது, 130ல 80 மாதிரி அமைதியா இருக்கும். அதனால வண்டி மாறினதும் முதல்ல மாத்திக்க வேண்டியது பார்வைய. இன்னும் தூரமா பாருங்க, மீட்டர அடிக்கடி பாருங்க.

இன்னொண்ணு, பெரிய வண்டியோட முன் பிரேக் ரொம்ப கூர்மை. 400ல நாலு விரல் போட்டு பிடிச்ச பழக்கத்தோட வந்தா மூக்கு குத்திக்கும். ரெண்டு விரல், மெதுவா ஆரம்பிச்சு அப்புறம் இறுக்கணும்.

மணிக்கட்டு வலிக்குமா? சூடு அடிக்குமா?

ரெண்டும் உண்டு. ஹேண்டில் தாழ்வு, ஃபுட்பெக் உயரம், முட்டி நல்லா மடங்கும். கை மேல எடை போடாம தொடையால டேங்க்க இறுக்கிப் பிடிச்சு வயித்து தசையில உடம்ப தாங்கினா பாதி வலி போயிடும், அதுக்கு டேங்க் ஓரத்துல ஒட்டுற ரப்பர் பட்டை நல்லா உதவும். நகர நெரிசல்ல 100 டிகிரி தாண்டினதும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அந்த சூட்டுக் காத்து நேரா தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தான் வரும். தினமும் ஒரு மணி நேரம் ட்ராஃபிக்ல நிக்கிறவங்க லிட்டர் பைக் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நெரிசல் நேரத்துல டெஸ்ட் ரைட் கேளுங்க, காலியான ரோட்டுல ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

நான் குள்ளம், கால் முழுசா எட்டாது. பிரச்சினையா?

ஒரு காலோட முன்பாதம் உறுதியா ஊனினா போதும். எடை நிறுத்தும்போதும் தள்ளும்போதும் தான் தெரியும், ஓடும்போது தெரியாது. சரிவுல மூக்க கீழ வச்சு பார்க் பண்ணாதீங்க, 200 கிலோவ பின்னாடி இழுக்குறது கஷ்டம்.

டயர், சஸ்பென்ஷன் இதெல்லாம் எப்ப பார்க்கணும்?

வாங்கின அன்னைக்கே. புது டயர்னா முதல் 150 கிலோமீட்டர் சாய்வ கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. காத்து அளவு ஸ்விங்ஆர்ம்ல (பின் சக்கரத்த பிடிச்சிருக்குற கை) ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல இருக்கும், நிறைய லிட்டர் பைக்குக்கு முன்னாடி 36, பின்னாடி 42 பிஎஸ்ஐ, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். யாரோ டிராக்ல குறைச்சு வைக்கிறாங்கனு ரோட்டுலயும் குறைக்காதீங்க, அங்க டயர் கொதிக்கிற அளவுக்கு சூடாகி அழுத்தம் தன்னால ஏறும், ரோட்டுல அப்படி ஏறாது.

400ல பெரும்பாலும் பின் ஸ்ப்ரிங் பிரிலோட் (ஸ்ப்ரிங்க முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வச்சிருக்குங்கிறது) மட்டும் தான் மாத்த முடியும், பெரிய வண்டியில எல்லாமே திருகலாம். மத்த எதையும் தொடாட்டியும் சாக் (நீங்க உட்கார்ந்தா சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதுங்கிறது) மட்டும் பாருங்க. ஃபோர்க் குழாய்ல ஒரு ஜிப் டைய கட்டுங்க, ரெண்டு பேர் வண்டிய மேல தூக்கி ஃபோர்க் முழுசா நீண்டதும் அத சீலோட ஒட்டி இறக்கி விடுங்க, அப்புறம் கியரோட மெதுவா ஏறி உட்கார்ந்து, குதிக்காம மெதுவா இறங்குங்க. ஜிப் டை சீல விட்டு எவ்வளவு கீழ நகர்ந்துச்சோ அதுதான் சாக், முன்னாடி 30லருந்து 40 மில்லிமீட்டர் இருந்தா சரி. ரொம்ப கம்மியா இருந்தா பிரிலோட குறைங்க, அதிகமா இருந்தா கூட்டுங்க. பதினைஞ்சு நிமிஷ வேலை, வண்டி வேற வண்டியாயிடும்.

செகண்ட்ஹேண்ட் லிட்டர் பைக் பார்க்குறேன். எதை கவனிக்கணும்?

பெயிண்ட் பளபளப்ப பார்க்காதீங்க, ஓரங்கள பாருங்க. பார்-எண்ட், லீவர் முனை, ஃபுட்பெக் முனை, இஞ்சின் கவர், இதுல கீறல் இருந்தா விழுந்த வண்டி. ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, ஃபிரேம்ல இடிக்கிற ஸ்டாப்பர் நசுங்கியிருக்கானு பாருங்க, நசுங்கியிருந்தா பலமா விழுந்திருக்கு, ஃபேரிங் புதுசா இருந்தாலும் அது மறையாது. ஆயில் டிரைன் போல்ட்லயும் காலிபர் போல்ட்லயும் கழண்டு விழாம கம்பி கட்ட சின்ன ஓட்டை போட்டிருந்தா டிராக்ல ஓடின வண்டி, அதுக்குனு ஒதுக்க வேண்டாம், ஆனா விற்கிறவர் அத தானா சொன்னாரானு பாருங்க.

முன் சக்கரத்த தூக்கி ஹேண்டில மெதுவா திருப்பினா நடுவுல ‘டக்’குனு ஒரு குழியில உட்கார்ற மாதிரி இருந்தா ஸ்டியரிங் பேரிங் போச்சு, நிறைய வீலி (முன் சக்கரத்த தூக்கி ஓட்டுறது) அடிச்ச வண்டியில இது சகஜம். ஸ்ப்ராக்கெட் பல்லு சுறா துடுப்பு மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்தா செயின் செட் மாத்தணும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. அஞ்சாறு வருஷம் தாண்டினா டிரெட் எவ்வளவு இருந்தாலும் புது டயருக்கு காசு ஒதுக்கிக்கோங்க. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும், நீங்க போறப்பவே சூடா இருந்தா கேளுங்க ஏன்னு.

பராமரிப்பு செலவு எவ்வளவு கூடும்?

டயர்லதான் முதல் அடி. 400 வண்டியோட குறுகலான பின் டயர் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல தாராளமா வரும், என் 1000ல போட்டிருக்குற மென்மையான பின் டயர் 6,000 தாண்டினா சந்தோஷம். ரோட்டுல மட்டும் ஓட்டுறவங்களுக்கு ஸ்போர்ட்-டூரிங் டயர் போதும், நனைஞ்ச ரோட்டுலயும் குளிர்லயும் அதுதான் சீக்கிரம் பிடிக்கும். செயின், பிரேக் பேட், ஆயில் அளவு எல்லாமே ஒரு படி கூட. வால்வ் கிளியரன்ஸ் செக் (இஞ்சின் வால்வ் இடைவெளிய அளந்து பார்க்குறது) ரொம்ப தூரம் ஓட்டின பிறகுதான் வரும், ஆனா வந்தா டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாத்தையும் கழட்டணும், அந்த லேபர முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. இன்சூரன்ஸ் கொட்டேஷன வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி வாங்குங்க.

லைசென்ஸ் விஷயம்?

உங்க நாட்டு விதிய பாருங்க. ஐரோப்பாவுல ஏ2 லைசென்ஸ்ல 35 கிலோவாட், அதாவது 47 எச்பி வரைக்கும் தான், ரெண்டு வருஷம் கழிச்சுதான் முழு லைசென்ஸுக்கு மாறலாம். அப்படி விதி இல்லாத ஊர்ல இருந்தாலும் அந்த ரெண்டு வருஷத்த நீங்களே வச்சுக்கலாம், நியாயமான கணக்குதான்.

பின்னாடி ஆள் ஏத்தலாமா?

முதல் மூணு மாசம் வேண்டாம். அதுக்கப்புறமும் சூப்பர்ஸ்போர்ட்டோட பின் சீட் உயரமான ஒரு சின்ன பலகை மாதிரி, பிடிக்க ஒண்ணும் இருக்காது. அடிக்கடி ரெண்டு பேரா போறவங்க ஸ்போர்ட்-டூரர் பக்கம் பாருங்க.

டிராக் டேக்கு (ரேஸ் டிராக்ல நம்ம வண்டிய ஓட்ட விடுற நாள்) போகணுமா, இல்ல ரோட்டுலயே பழகிக்கலாமா?

முடிஞ்சா போங்க, அதுவும் பழைய வண்டியிலயே ஒரு தடவை போங்க. எதிர்ல வண்டி வராது, மணல் இருக்காது, அதே வளைவு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்த மட்டும் மாத்திப் பார்க்கலாம். நான் 400ல ஒரு நாள் முழுக்க ஓட்டினப்ப பயிற்சியாளர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, பிரேக்க டக்குனு விடாதீங்க, வளைவுக்குள்ள போகப் போக மெதுவா விடுங்கனு. அந்த ஒண்ணுல என் வேகம் கூடினதோட பயமும் குறைஞ்சுது. அது அடுத்த ரெண்டு வண்டிக்கும் அப்படியே கூட வந்துச்சு.

பழைய வண்டிய வித்துடவா?

இடமும் காசும் இருந்தா ஆறு மாசம் வச்சிருங்க. புது வண்டியில ஏதாவது பயமுறுத்தினா அடுத்த நாள் பழசுல ஏறி அதே வளைவுல போய்ப் பாருங்க, தப்பு கையிலயா கண்ணுலயானு சீக்கிரம் தெரிஞ்சுடும். என் 400அ, 700 வாங்கின ரெண்டாவது வாரமே வித்துட்டேன். ரவுண்டானா சம்பவத்துக்கு அப்புறம் அது கூட இருந்திருக்கலாமேனு பல தடவை நினைச்சிருக்கேன்.